மழையைப் பேச ஒரு களம் வேண்டும்: காவிரி டெல்டா கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், எல்லாக் கட்சிகளின் மாவட்டச் செயலாளர்களுக்கும், எங்கள் விவசாயச் சங்கங்களுக்கும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டச் சாகுபடியாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் வைக்கும் கோரிக்கைகள் இவை.

கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவைத்த குறுவை நெல் நனைந்துவிட்டால், மறுநாள் குவியலுக்குள் கையை விட்டாலே சூடு தெரியும். இன்னும் இரண்டு நாள் போனால், தார்ப்பாயைத் தூக்கும்போது வெள்ளை முளை நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்பவர்களில் ஒருவர் இந்த ஆட்சியைத் திட்டுவார், ஒருவர் போன ஆட்சியை, ஒருவர் டெல்லியை. மழைக்காலமே மாறிவருகிறது என்று யாராவது வாயெடுத்தால், "யாருக்குய்யா சப்பைக்கட்டு கட்டுற?" என்ற கேள்வி வந்து விழும். அப்படிக் கேட்பவரை நாங்கள் குறை சொல்லமாட்டோம். தூர்வாராத வாய்க்காலுக்கு வானத்தைக் காரணம் காட்டியதை அவர் பார்த்தவர்.

ஆகவே முதல் கோரிக்கை. காலநிலை மாற்றம் என்று மேடையில் சொல்கிற அமைச்சரும் அதிகாரியும், தங்கள் துறை எதைச் செய்தது, எதைச் செய்யவில்லை என்பதையும் அதே மேடையில் சொல்ல வேண்டும். எந்த வாய்க்கால் தூர்வாரப்பட்டது, எந்த ஊரில் உலர்த்தும் இயந்திரம் இருக்கிறது என்று ஊர் பெயரோடு சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் மற்றதையும் நம்புவோம்.

எங்களிடம் பனிமலை உருகுவதைப் பேசாதீர்கள், மேட்டூரைப் பேசுங்கள். 2023-ல் ஜூன் 12 அன்று அணை திறந்தது. அந்த ஆகஸ்ட், 1901-க்குப் பிறகு இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட். அக்டோபர் 10-ல் அணையை மூடினார்கள், கடைமடையில் குறுவை கருகியது. கர்நாடகம் தரவேண்டிய தண்ணீரைத் தரவில்லை என்பதும் உண்மை, மழை பொய்த்தது என்பதும் உண்மை. ஒன்றைச் சொன்னால் மற்றொன்றை மறுத்ததாக ஆகாது. அடுத்த ஆண்டு ஜூலை 28-ல்தான் திறந்தார்கள், இரண்டே நாளில் நீர்மட்டம் 120 அடியைத் தொட்டு, உபரிநீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. ஓர் ஆண்டை வைத்து முடிவு கட்ட முடியாது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் எங்கள் நடுவே இருக்கிறது. அதன் விஞ்ஞானிகள் ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் வந்து, குறுவை, சம்பா, தாளடி என்று எங்கள் கணக்கில் மழையை விளக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்தைக் கட்சி அலுவலகத்திலும் கல்யாண மண்டபத்திலும் வைக்க வேண்டாம். நெல் அடிக்கும் களத்தில் வையுங்கள். கொடி, துண்டு, பேனர் எதுவும் வேண்டாம். நடவுக்குப் போகும் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து முதலில் பேச வேண்டும். வெயில் எந்த மணிக்கு மேல் தாங்க முடிவதில்லை என்பதை அவர்களைவிட யார் சொல்ல முடியும்?

நெல்லின் ஈரப்பதம் கொள்முதல் வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டினால், தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் எழுதி, குழு வந்து பார்த்துப் போவதற்குள் நெல் முளைத்துவிடுகிறது. மழைக்கால அறுவடைக்கென்று நிலையான விதி வேண்டும். இதைக் கேட்பதிலாவது எல்லாக் கட்சி எம்.பி.க்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட வேண்டும்.

பயிர்க் காப்பீட்டு இழப்பை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று ஊராட்சிப் பலகையில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

எங்கள் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2002 வறட்சியில் இரு மாநிலமும் கொதித்தபின், 2003-ல் இரு பக்க உழவர்களும் கூடிக் காவிரிக் குடும்பம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் துணை நின்றது. நம்மவர்கள் அங்கே போய் வயலைப் பார்த்தார்கள், அவர்கள் இங்கே வந்து பார்த்தார்கள். காவிரி வழக்கு அதன் பாதையில் நடந்தது, உரிமையை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. மாநில எல்லை தாண்டிப் பேச முடிந்த நமக்கு, ஒரே தெருவில் வேறு கட்சிக்காரரோடு பேசுவது ஏன் இவ்வளவு கடினமாகிவிட்டது? பற்றாக்குறை ஆண்டில் தண்ணீரை எப்படிப் பகிர்வது என்ற பேச்சை அந்த வழியில் மறுபடி தொடங்குங்கள்.

முதல் கூட்டம் வரும் ஜூன் 12-க்கு முன்பே நடக்க வேண்டும். களத்தைக் கூட்டிச் சாணம் தெளித்து நாங்கள் தயாராக வைத்திருப்போம்.