எல்லைக் கல்லைத் தேடும் கல்வி

நில அளவையியலிற் பட்டம் பெற்ற பின்னும் களப்பயிற்சி எதற்கு என்று மாணவர் சிலர் சலித்துக்கொள்கின்றனர். இலங்கையில் 2002-ஆம் ஆண்டின் 17-ஆம் இலக்க நில அளவைச் சட்டப்படி, அளவையாளராகத் தொழில் புரியப் பதிவும் ஆண்டுதோறும் பெறும் அனுமதிப்பத்திரமும் வேண்டும். இது வெறுஞ் சடங்கன்று.

2009-இல் போர் ஓய்ந்தபின் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் மீண்ட குடும்பங்கள் பல, காடு மூடிய காணியில் எல்லைக் கற்களைக் காணாது திகைத்தன. செய்மதிக் கருவி ஓரிடத்தின் இருப்பைத் துல்லியமாய்க் கூறும். அவ்விடம் எவருடைய எல்லை என்று கூறாது. பழைய வரைபடம், சிதைந்த வரம்பு, நின்ற பாலைமரம், அயலவர் சொல் ஆகியவற்றைச் சீர்தூக்கியே அதனைத் துணிதல் வேண்டும். சாண் அளவு பிழைத்தாலும் உடன்பிறந்தோர் நீதிமன்றம் ஏறுவர். தேர்ந்தவர் ஒருவரின் பின்னே காடுமேடு நடந்தன்றோ இவ்வறிவு வாய்க்கும்!

வன்னியில் இதனைப் பயில வைகாசி முதல் ஆவணி வரை நற்காலம். மாரி பிறந்தால் வரம்புகள் நீருள் மறைந்துவிடும்.