கண்டிக்குப் போவதும் கண்டியில் இருப்பதும்

எங்கள் கல்லூரியில் உயர்தரம் படிக்கும் பிள்ளைகளில் கண்டியைப் பார்க்காதவர்கள் குறைவு. கல்விச் சுற்றுலா என்றதும் முதலில் வரும் பெயர் அதுதான். விடியுமுன் பஸ் ஏறி, மதவாச்சி, அநுராதபுரம், தம்புள்ளை கடந்து, மாத்தளைக்கு அப்பால் வளைவுகள் தொடங்கியதும் பாதிப்பேர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவோம். காற்றாலைகளைத் தவிர உயரமான எதையும் பார்த்து வளராத தீவுப் பிள்ளைகள் அல்லவா! பிறகு பேராதனைப் பூங்கா, வாவிக்கரை, கைநிறையப் படங்கள். மறுநாள் ஊர். "கண்டி எவ்வளவு வடிவு" என்று ஒரு மாதம் பேசுவோம்.

அதே கண்டிக்கு நாலு வருடம் படிக்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "அவ்வளவு தூரமா? பொம்புளப் புள்ள தனியாவா?" என்று வீடே மாறிவிடும்.

இது வீட்டுக்குள் முடிகிற பேச்சல்ல. பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் கற்கைநெறிகளையும் பல்கலைக்கழகங்களையும் விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். நமது மாவட்டத்துக்கென ஒதுக்கப்படும் இடங்கள் உள்ளன. கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கான மேலதிக 5 சதவீதத்திலும் மன்னாருக்குப் பங்குண்டு. இவ்வளவும் இருந்தும், பயத்தினால் பேராதனையைக் கீழே தள்ளிவிட்டு யாழ்ப்பாணம், வவுனியா, ஒலுவில் என்று எழுதுகிறோம். அந்தப் பல்கலைக்கழகங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒலுவில் கிட்ட என்கிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மன்னாரிலிருந்து ஒலுவில் கண்டியை விடத் தூரம்! "அங்க நம்ம ஆக்கள் இருக்காங்க" என்பதுதான் உண்மையான காரணம்.

கண்டியிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். நகர நடுவில் மீரா மக்காம் பள்ளிவாசல் உண்டு. அக்குறணை, மடவளை, கெலிஓயா எல்லாம் சுற்றுவட்டாரத்து ஊர்கள்தான். 1952இல் பேராதனைக்கு வந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் ஒரு விடுதிக்கே நீதியரசர் எம். ரி. அக்பரின் பெயர் இருக்கிறது. பல்கலைக்கழகம் அங்கே அமையப் பாடுபட்டவர்களில் அவரும் ஒருவர். நாட்டில் மிருக வைத்தியம் படிக்க இருக்கும் ஒரே பீடமும் அங்கேதான். ஆடும் மாடும் கழுதையும் நிறைந்த நம் தீவுக்கு ஒரு மிருக வைத்தியர் வேண்டாமா?

அங்கே வாழ்வது இலேசு என்று நான் சொல்ல வரவில்லை. என் பெரியம்மாவின் மகள் பேராதனையில் மூன்றாம் வருடம் படிக்கிறார். அந்த ராத்தா சொல்லும் கண்டி நாங்கள் படம் பிடித்த கண்டி அல்ல. தோய்த்த உடுப்பு மூன்று நாளானாலும் காயாதாம். நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. அங்கே இரண்டு பருவக்காற்றுக்கும் மழை. எங்கே போனாலும் ஏற்றமும் படிக்கட்டும். கண்டி ஒரு கிண்ணம் போன்ற நகரம். சுற்றியுள்ள மலைகள் கண்டி அரசர்களுக்கு 1815 வரை அரணாக இருந்தன. இன்று அதே மலைகள் பஸ்களின் புகையை வெளியே விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. 1807இல் வெட்டத் தொடங்கிய வாவியின் அழகை ரசிக்கிற நாம், அதன் ஓரத்து வாகன நெரிசலில் தினமும் ஒரு மணித்தியாலம் நிற்கவில்லை. அறை வாடகையும் கூட. முதல் ஆறு மாதம் சிங்களம் தெரியாமல் கடையில் விரலை நீட்டியே சாமான் வாங்கினாராம். இப்போது அவர் பேரம் பேசுகிறார்!

பெற்றோரின் பெரிய பயம் வேறு என்பதும் தெரியும். 2018 மார்ச்சில் திகனையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதை யாரும் மறக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஊர் முஸ்லிம்கள் எங்கும் ஓடிவிடவில்லை. எரிந்த கடைகளைத் திருத்தித் திறந்துகொண்டு அங்கேயே இருக்கிறார்கள். அவர்களின் பெண்பிள்ளைகள் அங்கேயே படிக்கிறார்கள்.

ஊர் விட்டு ஊர் போய் வாழ்வது நமக்குப் புதிதா? 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது உம்மம்மா வள்ளத்தில் போய்க் கற்பிட்டியில் இறங்கியவர். உம்மாவுக்கு அப்போது ஆறு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டுதான் அவர் எழுதப் படிக்கப் பழகினார். அன்று யாரும் எங்களிடம் விருப்பம் கேட்கவில்லை. இன்று விண்ணப்பத்தாளைக் கையில் தந்து, எங்கே போக விருப்பம் என்று கேட்கிறார்கள். இந்த வித்தியாசத்தைப் பெற்றோர் யோசிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

கல்லூரியிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த வருடச் சுற்றுலாவில் பூங்காவுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைப் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கொடுங்கள். அங்கே படிக்கும் மன்னார் அக்காமாரோடு பேசவிடுங்கள். சாப்பாடு எப்படி, தொழ இடம் எங்கே, வாடகை எவ்வளவு என்று நாங்களே கேட்கிறோம். பூங்காவிலிருந்து வளாகத்துக்கு பஸ்ஸில் சில நிமிடம்தான். பெற்றோர் சிலரும் கூட வந்தால் நல்லது. வாப்பா வருவதாகச் சொல்லிவிட்டார். உம்மாதான் இன்னும் பதில் சொல்லவில்லை.