புலம்பலும் ஜெபமே

வாரத்திற்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு, ஆலய ஆராதனைக்குச் செல்வதே அரிதாகிவிடுகிறது. களைப்பு மிகும்போது வேதத்தைத் திறக்கவும் இயலுவதில்லை. அவ்வேளையில், "ஆண்டவரே, ஏன் எனக்கு இப்படி?" என்று அவர் அழுதால், விசுவாசம் குறைந்துவிட்டதோ என உறவினர் ஐயுறுவதுண்டு. சிறுநீரக மருத்துவர் என்ற முறையில் இந்த ஐயத்தை நான் ஏற்பதில்லை.

வேதாகமத்திலுள்ள 150 சங்கீதங்களில் பல, துன்புற்றோரின் முறையீடுகளே. 88ஆம் சங்கீதம் துதியோடு முடியாமல் இருளிலேயே முடிகிறது. ஆயினும் அதைப் பாடியவர் இறுதிவரை தேவனை நோக்கியே பேசுகிறார். கெத்செமனேயில் இயேசுவும் தம் துயரத்தைப் பிதாவிடம் மறைக்கவில்லை. தேவனிடம் முறையிடுகிறவர் அவரை விட்டு விலகிவிடவில்லை.

ஆகவே, அன்பானவர்களே, நோயாளியின் கண்ணீரைக் கண்டிக்காதீர்கள். அருகில் அமர்ந்து செவிகொடுங்கள். நீண்ட ஜெபம் இயலாதவருக்கு ஒரு வரி போதும்; அதுவும் இயலாத நாளில் அவருக்காக நீங்கள் ஜெபியுங்கள். துயரம் பல நாள் நீடித்து, உறக்கமும் பசியும் குன்றினால் எங்களிடம் தெரிவியுங்கள். மனச்சோர்வுக்கும் சிகிச்சை உண்டு. அதை நாடுவது விசுவாசத்திற்கு முரணன்று.