ஒன்பது ராத்திரி... ஒரு மரம்!

ஹெட்போனும் கையுமா திரியறவங்களுக்காக இந்த வாரம் ஒரு சாவுக் கதை. பயந்துடாதீங்க... செத்தவர் திரும்பி வந்துடுறார். அதுவும் கை நிறைய பாட்டோட!

அவர் பேர் ஓடின். வைக்கிங்குகளின் பெரிய சாமி. ஐஸ்லாந்தில் 1270-கள் வாக்கில் எழுதப்பட்ட ஒரு தோல் சுவடியில் 'ஹாவமால்'னு ஒரு பழைய பாடல் இருக்கு. அதில் ஓடினே தன் கதையைச் சொல்றார். காத்தடிக்கிற மரத்தில் ஒன்பது ராத்திரி தொங்குறார். உடம்பில் ஈட்டிக் காயம். ரொட்டி கிடையாது, குடிக்க ஒரு சொட்டு கிடையாது. யாருக்காக இந்தப் பலி? தன்னையே தனக்கு! கடைசியில் கீழே பார்க்கிறார். அலறிக்கிட்டே ரூன் எழுத்துகளை எடுக்கிறார், விழறார். 'ரூன்'னா ரகசியம்னும் அர்த்தம் உண்டு. அதோட முடியலை. தாய்மாமன்கிட்ட ஒன்பது மந்திரப் பாட்டும் கத்துக்கிறார். ஆக, பழைய ஆள் செத்து புது ஆள் பிறக்கிற இந்தச் சடங்கின் பரிசே பாட்டுதான்!

இதை இன்னிக்குக் கேட்கணுமா? நார்வேயின் 'வார்ட்ரூனா' குழுவைத் தேடுங்க. ஆரம்பிச்சவர் ஐனார் செல்விக். பிளாக் மெட்டல் குழுவில் டிரம்ஸ் அடிச்சவர். 2003-ல் இந்தக் குழுவைத் தொடங்கி 2009, 2013, 2016-னு மூணு ஆல்பங்களில் 24 பழைய ரூன் எழுத்துகளையும் இசையாக்கினார். பிர்ச் மரத்துக்கான எழுத்துக்கு பிர்ச் மரத்தையே தட்டி தாளம் எடுத்த ஆள்! 2013 ஆல்பத்தில் 'ஹெல்வேகன்'னு ஒரு பாட்டு. செத்தவங்க உலகமான ஹெல்லுக்குப் போற பாதைன்னு அர்த்தம். டிரம் அவசரமே இல்லாம நடக்கும். நாமும் கூடவே நடப்போம். முடியும்போது வர்ற வரிகள் அதே ஹாவமாலிலிருந்து எடுத்தவை. லைட்டை அணைச்சுட்டுக் கேட்டுப் பாருங்க.

சரி, சொந்தக் கதைக்கு வர்றேன். ஃபர்ஸ்ட் இயரில் ஒரு சீனியர் எங்களை ராத்திரி முழுக்க நிக்க வெச்சு, 'இதைத் தாண்டினாதான்டா நீ ஆம்பளை'ன்னார். பக்கத்துல நின்ன நண்பன் மறுநாளே பெட்டி கட்டினான். திரும்ப வரவே இல்லை. 'அவன் வீக்கு மச்சி'ன்னு நானும் சொன்னேன். இப்பவும் அது உறுத்துது.

ஓடின் கதையைப் படிச்சப்பதான் அந்த சீனியரோட ஃபிராடு புரிஞ்சது. ஓடினை யாரும் பிடிச்சுத் தொங்க விடலை. காயமும் அவருக்கு, பலனும் அவருக்கு. அடுத்தவனைத் தொங்க விட்டா என்ன ஆகும்? அதுக்கும் அங்கேயே கதை இருக்கு. 'கௌட்ரெக் சாகா'வில் விகார்னு ஒரு ராஜா. எதிர்க்காத்துல கப்பல் நின்னுடுது. பலிக்குச் சீட்டு குலுக்கினா ராஜா பேரே வருது! 'சும்மா நடிப்புக்குத்தானே'ன்னு அவர் தளபதி ஸ்டார்காட் ஒரு கன்னுக்குட்டிக் குடலை ராஜா கழுத்தில் மாட்டி, நாணல் குச்சியால லேசா குத்துறார். அடுத்த நொடி குடல் கயிறாகுது, நாணல் ஈட்டியாகுது. ராஜா காலி! ஸ்டார்காட்டுக்கு அந்த நாணலைக் கொடுத்து அனுப்பினது யார் தெரியுமா? ஓடினேதான்!

'சும்மா விளையாட்டுக்கு மச்சி'ன்னு சொல்லித்தானே நம்ம ஹாஸ்டல்லயும் எல்லாம் ஆரம்பிக்குது?

அடுத்த பேட்ச் வரும்போது நீங்கதான் சீனியர். புதுப் பையன் பயந்துக்கிட்டே ரூம் வாசல்ல நிப்பான். உள்ளே கூப்பிட்டு, உட்கார வெச்சு, ஹெட்போனை மாட்டி 'ஹெல்வேகன்' போட்டு விடுங்க. மிச்சத்தை அந்த மரம் பார்த்துக்கும்!