பில்லா, இன்வாய்ஸா, எஸ்டிமேட்டா?

நம்ம மக்களுக்கு 'பில்' என்று ஒரே ஒரு வார்த்தை போதும். "பில் போடுப்பா" என்றால் கணக்கு எழுது. "கரண்ட் பில் கட்டிட்டியா" என்றால் பணம். "பில் இருக்கா" என்றால் காகிதம். ஊரில் அண்ணாச்சி கடையில் இது அழகாக ஓடும். பத்து வருஷமாக முகம் தெரிந்த கடையில் வார்த்தையை யார் பார்க்கிறார்கள்? ஆனால் புனேயிலோ சூரத்திலோ நம்மை யாருக்கும் தெரியாது. இங்கே நமக்காகப் பேசப் போவது அந்தக் காகிதம் மட்டும்தான். அதன் தலையில் என்ன வார்த்தை இருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

நாலு வார்த்தைகள்தான். எஸ்டிமேட் என்றால் தோராயம், கூடலாம் குறையலாம். கொட்டேஷன் என்றால் "இந்த விலைக்குத் தருகிறேன்" என்று சொல்வது. நாம் ஒத்துக்கொண்டால் அதுதான் விலை. இன்வாய்ஸ் என்றால் இன்ன பொருள் கொடுத்தேன், இவ்வளவு தர வேண்டும் என்கிற கணக்கு. ரிசீட் என்றால் பணம் வந்து சேர்ந்தது. அதனால் "ஐ ஹேவ் பெய்ட் தி இன்வாய்ஸ், ப்ளீஸ் செண்ட் தி ரிசீட்" என்பது சரியான வாக்கியம். "ஐ ஹேவ் பெய்ட் தி கொட்டேஷன்" என்று எழுதினால் எதிராளி சிரிப்பான் (அல்லது சந்தோஷப்படுவான்). இன்வாய்ஸ் என்ற சொல்லே 'அனுப்புதல்' என்ற பொருள் கொண்ட பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சரக்கோடு அனுப்பும் பட்டியல். தமிழில் விலைப்பட்டியல் என்கிறோம், ஆனால் அதையே ஹோட்டல் சுவரில் தொங்கும் இட்லி, தோசை விலைக்கும் சொல்லிவிடுகிறோம்!

இதில் வில்லன் எஸ்டிமேட்தான். இந்தப் பக்கம் கச்சா பில், பக்கா பில் என்று இரண்டு உண்டு. கச்சா பில்லின் தலையில் பெரும்பாலும் 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருக்கும். பணம் வாங்கிக்கொண்டு, பொருளையும் கையில் கொடுத்த பிறகு என்ன தோராயம்? "பக்கா பில் சாஹியே தோ ஜிஎஸ்டி அலக் லகேகா" என்பார் கடைக்காரர். எங்கள் குடியிருப்பில் ஒரு தமிழ்க் குடும்பம் இப்படித்தான் பதினாலாயிரம் ரூபாய்க்கு இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கியது. வரி மிச்சம் இரண்டாயிரத்து ஐநூறு சொச்சம். எட்டாவது மாதம் பேட்டரி படுத்துவிட்டது. கம்பெனி சர்வீஸ் ஆள் இன்வாய்ஸ் கேட்டார். இவர்களிடம் இருந்தது கடைப் பேரே இல்லாத எஸ்டிமேட் துண்டு. கடைக்காரர் "நான் விற்றேன் என்று எங்கே இருக்கிறது" என்று கேட்டார். தப்பாகவும் கேட்கவில்லை, அந்தத் துண்டில் அப்படி எங்கேயும் இல்லை. அந்த அம்மா மூன்று வாரம் அலைந்து கடைசியில் புது பேட்டரி வாங்கினார்.

இன்னொன்று, பெட்டியில் போட்டிருக்கும் எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்ததுதான். எம்ஆர்பி-க்கு மேல் ஜிஎஸ்டி என்று யாராவது கேட்டால் தரவே கூடாது. 

ஆனால் எல்லாக் கடைக்காரரையும் திருடனாகப் பார்க்கிற ஆட்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. தெருமுனை கிரானா கடைக்கு ஜிஎஸ்டி பதிவே தேவைப்படாமல் இருக்கலாம். அவர் வரி போட முடியாது, போடவும் கூடாது. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் தருவது இன்வாய்ஸ் அல்ல, 'பில் ஆஃப் சப்ளை'. அதில் வரி வசூலிக்கத் தகுதியில்லை என்று மேலேயே எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதிவிட்டு கீழே வரியும் போட்டிருந்தால்தான் சண்டை போடலாம். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலம்: மகாராஷ்டிரா 27, கர்நாடகா 29, நம்ம ஊர் 33. புனே கடை பில்லில் எண் வேறு எதிலாவது ஆரம்பித்தால் ஏன் என்று கேளுங்கள்.

வீடு மாற்றும்போது இன்னும் ஜாக்கிரதை தேவை. பேக்கர்ஸ் ஆட்கள் போனில் கொட்டேஷன் என்பார்கள், வாட்ஸப்பில் எஸ்டிமேட் என்று அனுப்புவார்கள். சாமான் லாரியில் ஏறிய பிறகு தொகை ஏறும். கட்டில், பீரோ, பாட்டியின் பித்தளைப் பாத்திரம் எல்லாம் அவன் கையில், நம்மால் என்ன பேச முடியும்? "எஸ்டிமேட் வேண்டாம், கொட்டேஷன் கொடுங்கள், லோடிங், மாடி ஏற்றும் கூலி, வரி எல்லாம் சேர்த்து" என்று முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் அல்லது ரசீது தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று சேர்த்திருக்கிறார்கள். நாம் குடியிருக்கும் ஊரிலோ வேலை செய்யும் ஊரிலோ வழக்குப் போடலாம் என்பதும் அதில் உண்டு. கோயம்புத்தூரில் வாங்கிய மிக்ஸிக்கு புனேயிலேயே புகார் கொடுக்கலாம், நம்மைப் போல ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு நல்ல வசதி.

அது சரி, கச்சா பில்லுக்கு உங்கள் ஊரில் என்ன பேர்? ஹைதராபாத், கொல்கத்தா மக்கள் சொல்லுங்களேன்.