மயக்கமருந்தும் மாந்தர் உடலும்

இரண சிகிச்சைக்கு முன்னர், மயக்கமருந்து தரும் வைத்தியர் நோயாளியைப் பல வினாக்கள் வினவுகின்றார். வயது யாது? எடை எவ்வளவு? பீடி குடிப்பதுண்டா? படியேறின் மூச்சு வாங்குமா? இவற்றை வெறுஞ் சடங்கெனக் கருதுவார் பலர். அது பிழையென்பதே எம் துணிபு.

மூச்சின்வழி உட்செல்லும் மயக்கவாயு எல்லா உடலிலும் ஒருபடித்தாய் ஏறுவதன்று. பொருநை நாட்டினர்க்கு இதனை விளக்குதல் எளிது. கன்னடியன் கால்வாயால் நிரம்பும் குளமொன்றை எண்ணுக. மூச்சே கால்வாய்; நுரையீரலே குளம்; குருதியோட்டமே மடை. மடை அகலத் திறந்திருப்பின் நீர்மட்டம் விரைந்து உயருமோ? அவ்வாறே, அச்சத்தால் நெஞ்சு படபடப்பவரின் குருதி வாயுவை வாரிச் செல்லுதலின், மயக்கம் தாழ்த்தே வரும். தளர்ந்த இதயமுடையார்க்கோ மட்டம் சடுதியில் ஏறும். அளவு மிகும் அபாயமும் ஆண்டே உளது. குழந்தைகட்கும் கருவுற்றார்க்கும் குளம் சிறிது, வரத்துப் பெரிது; ஆதலின் விரைந்து நிரம்பும். கொழுப்போ கடைமடை வயல் போல்வது. தாழ்த்துப் பாய்ந்து, மெல்ல வடியும். ஆகவே பருத்த உடலினர் நெடிய சிகிச்சைக்குப்பின் தெளியத் தாமதமாதலும் உண்டு. புகையால் நுரையீரல் கெட்டார்க்குக் காற்றுப் புகும் இடமும் குருதி ஓடும் இடமும் பொருந்தாமையின் வாயு ஏறுதல் தடைப்படும். நாற்பது வயதிற்குமேல் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 6 விழுக்காடாக மருந்தின் தேவையே குறைந்து வரும்.

எல்லார்க்கும் ஒரே விதி வகுத்தல் எத்துணைத் தீங்கென்பதற்கு ஐதராபாத்தே சான்று. எட்வர்டு லாரி என்னும் வைத்தியர் முன்னின்று நடத்திய 1888, 1889ஆம் ஆண்டுகளின் குளோரோபாரக் குழுக்கள், விலங்குகளிற் சோதித்து, மூச்சைக் காத்தாற் போதும், நாடியை நோக்க வேண்டா என முடிவுகட்டின. 1911இல் லெவி என்பார், சிற்றளவு குளோரோபாரமும் இதயத்தின் ஒழுங்கைக் குலைக்கவல்லது எனக் காட்டினார்.

“கருவிகள் உளவே, நோயாளியின் சொல் எதற்கு?” என்பாரும் உளர். கருவி, நிகழ்வதைக் காட்டும். முப்பதாண்டுப் பீடியையும், மூத்தோர்முன் சொல்ல நாணும் குடியையும் அது முன்னறிவிப்பதில்லை. பீடி சுற்றும் ஊர்கள் மலிந்த நம் ஜில்லாவில் இவ்வுண்மை உயிர்காப்பதாகும்.

உண்மை கூறல் நோயாளியின் கடன். வினாவின் காரணத்தை விளங்கும் தமிழில் உரைத்தல் கற்றோர் கடன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழிற் கற்பித்தார். பாளையங்கோட்டையில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி விளங்குகின்றது. அதன் மாணவரும் தமிழ் பயிலும் நாமும் கூடி, ஒவ்வொரு வினாவிற்கும் ஒருவரி விளக்கம் தரும் சிறு துண்டுத்தாளேனும் இயற்றல் வேண்டும். அஞ்சிய நெஞ்சிற்கு மருந்து தாழ்த்தே பற்றுமெனின், அச்சம் தீர்க்கும் நல்ல தமிழும் சிகிச்சையின் ஓர் உறுப்பேயன்றோ?