அம்மாவின் நாற்காலி



எங்கள் வீட்டில் இரவில் படம் பார்க்க உட்கார்ந்தால் ரிமோட்டுக்கு ஓய்வே கிடையாது. கதாநாயகி மெல்லப் பேசினால் சத்தத்தைக் கூட்டுவோம், அடுத்த நொடி சண்டைக் காட்சி வந்து ஜன்னல் கண்ணாடி அதிரும், அவசரமாகக் குறைப்போம். "பேசுறது ஒண்ணும் விளங்கல, சத்தம் மட்டும் இடிக்குது" என்று அம்மா பல மாதமாகச் சொல்லி வந்தார். வயது 78. காதில்தான் கோளாறு என்று நாங்களே தீர்ப்பு எழுதி, மருத்துவரிடம் நாளும் குறித்துவிட்டோம்.

போன ஞாயிறு அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், அவருடைய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்த்தேன். எனக்கும் வசனம் விளங்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. தலைக்கு ஒன்றரை அடி மேலே பின்பக்க ஸ்பீக்கர் தொங்கியது. வசனத்தில் பெரும்பங்கைச் சுமக்கும் நடு ஸ்பீக்கரோ, டிவி ஸ்டாண்டின் அடித்தட்டில் செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. எங்களுடையது '5.1' ஒலியமைப்பு: 5 சாதாரண ஸ்பீக்கர்கள், அந்த '.1' அடித்தொனிக்கான சப்வூஃபர். ஐந்துக்கும் ஒரே ஒலியளவு எண் வைத்துவிட்டால் சமமாகிவிடும் என்று நினைத்திருந்தேன். காது அந்த எண்ணைப் பார்ப்பதில்லையே! திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது என்றாலும், கிட்டத்தில் இருப்பதுதான் ஓங்கி ஒலிக்கும்.

ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் மெனுவில் 'டெஸ்ட் டோன்' என்று ஒன்று உண்டு. மழை பெய்வதுபோல 'ஷ்ஷ்' என்ற இரைச்சலை ஒவ்வொரு ஸ்பீக்கராக அனுப்பும். போனில் ஒலி அளக்கும் செயலியை இறக்கி, நாற்காலியில் காது உயரத்தில் பிடித்து அளந்தேன். பின் ஸ்பீக்கர் 80 டெசிபல். நடு ஸ்பீக்கர் 68. பத்து டெசிபல் கூடினாலே நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். அம்மாவுக்கு வசனம் எப்படிக் கேட்கும்?

முதலில் கைவேலை. நடு ஸ்பீக்கரை மேல்தட்டுக்கு ஏற்றி, விளிம்புவரை முன்னால் இழுத்து, முகத்தைச் சற்றே நிமிர்த்தி வைத்தேன். அம்மாவின் நாற்காலியைச் சுவரிலிருந்து இரண்டடி நகர்த்தினேன். மூலையில் உறுமிக்கொண்டிருந்த சப்வூஃபரை வெளியே எடுத்தேன்; மூலை அடித்தொனியை ஊதிப் பெருக்கிவிடும். அதன்பிறகே மெனுவுக்குப் போய், ஒவ்வொரு ஸ்பீக்கரும் 75 டெசிபலைத் தொடும்படி திருத்தினேன். வீட்டு ஒலியமைப்புக்கு வழக்கமாக வைக்கும் அளவு அது. போன் மீட்டர் துல்லியமானதல்ல. ஆனால் ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும். சப்வூஃபருக்கு மட்டும் போனை நம்பாமல் காதை நம்பினேன். இரவு நேரத்துக்கு 'நைட் மோட்' இருக்கிறது. அது பெரிய சத்தத்தை அடக்கி, மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கும்.

அன்றிரவு அம்மா ஒரு படத்தை முழுதாகப் பார்த்தார். நடுவில் திரும்பி, "சத்தத்தக் கூட்டி வெச்சிருக்கியா?" என்றார். "இல்லம்மா, குறைச்சுத்தான் வெச்சிருக்கேன்" என்றேன்.

குறித்த நாளில் மருத்துவரிடமும் போகத்தான் போகிறோம். இந்த வயதில் காதைச் சோதிப்பது நல்லதே. ஆனால் வீட்டில் யாராவது "கேக்கல" என்றால், அவர் காதைக் குறை சொல்லும் முன், அவர் உட்காரும் இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். என்ன கேட்டது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்